சேர்வராயன் மலை மரங்களில் நிறக் கிண்ணம் கடையும் முறை

அறுத்த அன்று பலாவின் வைரம் (நடுவில் முற்றிய கெட்டி மரம்) எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாக இருக்கும். சன்னலோரம் சில வாரம் கிடந்தால் தேன் நிறத்துக்கு மாறும், வருடங்கள் போகப் போகப் பழைய வீட்டுக் கதவின் செம்பழுப்புக்கு வந்துவிடும். பூவரசைப் பிளந்தால் நடுவில் வறுத்த காப்பிக்கொட்டை நிறமும் அதைச் சுற்றி வெளிர் ரோஜா நிறமும் தெரியும். புளியமரத்தின் வைரம் கத்திரிக்காய்த் தோலைப் போல ஊதா கலந்த கருப்பு. இவையெல்லாம் சேலத்து விறகு மண்டிகளிலும் சாமில் வாசல்களிலும் எடைபோட்டு விற்கப்படுகின்றன. கிண்ணம் கடைபவருக்கு இதைவிட நல்ல சரக்கு வேறு இல்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) உண்டாக்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அது பெரும்பாலும் கெடுவது ரம்பத்திலும் உலர்த்தும் அறையிலும்தான். உளி பிடிக்கும் நேரத்தில் கெடுவது குறைவு. அதனால் கட்டையை அறுப்பதற்கும் உலர்த்துவதற்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறது.

எந்த மரம்

முதல் கிண்ணத்துக்குப் பூவரசு. மென்மையும் இல்லாமல் கல்லாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும், உளிக்கு இணங்கும், சுருக்கமும் குறைவு. அடுத்தது பலா. வேகமாகக் கடையலாம், நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் இழைகள் ஒரு வரி இந்தப் பக்கமும் அடுத்த வரி எதிர்ப்பக்கமுமாகப் பின்னியிருப்பதால் மொட்டை உளி பட்டால் பிய்ந்துவிடும்.

சீமைக்கருவேலம் சேலம் சமவெளியில் தட்டுப்பாடே இல்லாத மரம். வெட்டினால் யாரும் வருத்தப்படப் போவதில்லை. உள்ளே சிவப்பு கலந்த அடர்பழுப்பு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் வெள்ளை. காய்ந்தால் மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதுதான் இதன் பெருமை. பச்சைக் கட்டையையே ஒரே மூச்சில் கடைந்து முடித்தாலும் பெரும்பாலும் வட்டம் மாறாது. ஆனால் உளியின் முனையைத் தின்னும், அடிமரத்தில் விரிசலும் உள்ளே மடிந்த பட்டையும் அதிகம்.

தூங்குமூஞ்சி மரத்தில் சாக்லேட் நிற வைரமும் மஞ்சள் வெள்ளையும் கோடு போட்டுப் பிரிந்திருக்கும். சாலையோரம் விழுந்த பெரிய கிளை கிடைத்தால் விடாதீர்கள். வேங்கையைத் தண்ணீர்க் குவளையாகவே நம் ஊரில் பலர் அறிவார்கள். அதில் ஊற்றிவைத்த நீர் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும்.

ஏற்காட்டில் தாராளமாகக் கிடைப்பது சில்வர் ஓக். காப்பித் தோட்டத்து நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நட்ட மரம். லோடு லோடாகப் பிளைவுட்டுக்கு இறங்குகிறது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பில் பின்னல் துணி விரித்தது போலப் பொட்டுப் பொட்டாக மினுங்கும் வரிகள் அதற்கு உண்டு. அந்த வரி மரத்தின் நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் கோட்டில் அறுத்த முகத்தில்தான் தெரியும். ஆகவே இதில் ஆழமான கிண்ணத்துக்கு ஆசைப்படாமல், அப்படி அறுத்த இரண்டரை அங்குலப் பலகையில் அகன்ற தட்டுக் கிண்ணமாகக் கடையுங்கள். சிலருக்கு இதன் தூளும் சாறும் தோலில் அரிப்பு, தடிப்பு கொடுக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஈட்டி, சந்தனம், செம்மரம் மூன்றும் நிறத்தில் அழகுதான். ஆனால் மூன்றுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. கையில் முறையான தாள் இல்லாத துண்டைத் தொடவே வேண்டாம். மலையில் மற்ற மரங்களை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தோட்டத்தில் கட்டை வாங்கும்போது வெட்டு அனுமதி, ஏற்றிவரும் சீட்டு இரண்டையும் கேளுங்கள். காற்றில் விழுந்த மரம் என்று வாய்வார்த்தையில் சொன்னால் போதாது.

கட்டையை அறுப்பது

8 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் உள்ள கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 9 அங்குல விட்டமும் 4 அங்குலத் தடிமனும் உள்ள துண்டு வேண்டும். மூன்றேகால் அடி சுற்றளவுள்ள மரம், அதாவது சுமார் 12 அங்குல விட்டம் இருந்தால் தேறும்.

மரத்தை 11 அங்குல நீளத்துக்கு அறுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வோர் அங்குலம் கூடுதலாக விடுவது வெடிப்புக்காக. பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நட்டநடு மையம் எந்தத் துண்டிலும் தங்கக் கூடாது. மையத்தின் இருபுறமும் முக்கால் அங்குலம் வீதம் ஒரு பலகையாக எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மையம் உள்ள கிண்ணம் வெடிக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். மரம் வளையத்தின் ஓட்டத்தில் சுருங்கும் அளவு, மையத்தை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையத்தைச் சுற்றி முழு வளையம் இருந்தால் அந்தச் சுருக்கத்துக்குப் போக்கிடம் இல்லை, பிளந்துதான் ஆக வேண்டும்.

இப்போது அரை உருளை கையில் இருக்கிறது. கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டிய இடம் இது. நிறத்தின் தலையெழுத்தும் இங்கேதான் எழுதப்படுகிறது.

வாயை மையத்தின் பக்கமும் அடியைப் பட்டையின் பக்கமும் வைத்தால் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) கிண்ணத்தின் அடிப்பகுதிக்குப் போகும். வாய்ப்பகுதி முழுக்க வைரம். பலாவுக்கும் புளிக்கும் இது பொருந்தும். வாயைப் பட்டைப் பக்கம் வைத்தால் விளிம்பின் எதிரெதிர் இரண்டு இடங்களில் மட்டும் வெள்ளை பிறை பிறையாக வரும். பூவரசிலும் தூங்குமூஞ்சியிலும் அந்த இரண்டு பிறைதான் அழகு. ஆனால் இந்த வகையில் வாய் அகலத்துக்கு மரம் பத்தாமல் போகும், 14 அங்குல விட்டமாவது வேண்டும். பிறைகள் ஒரே அளவில் அமைய, முனையில் தெரியும் வளையங்களைப் பார்த்து, இருபுறமும் வெள்ளையின் தடிமன் சமமாக விழும் இடத்தில் காம்பஸ் முனையை ஊன்றி வட்டம் போடுங்கள். அரை அங்குலம் தள்ளிப் போனாலும் ஒரு பக்கம் பிறையும் மறுபக்கம் வெறும் கீறலும்தான் கிடைக்கும்.

வெள்ளையில் ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளுப்புப் பூச்சி இறங்கிவிட்டது. அந்தத் துண்டில் வெள்ளையை முழுதும் செதுக்கி எறியுங்கள். சீமைக்கருவேலத்திலும் தூங்குமூஞ்சியிலும் இந்தத் தொல்லை அதிகம்.

அறுத்த உடனே இரண்டு முனைக்கும் உருக்கிய மெழுகு பூசுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அறுத்த முகம் ஒரே மதியத்தில் வாய் பிளக்கும்.

லேத்தும் உளியும்

கட்டில் கால் கடையும் லேத் பலவற்றில் மைய உயரம், அதாவது சுழலும் அச்சுக்கும் லேத்தின் படுகைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, போதாது. 9 அங்குலத் துண்டு சுற்றக் குறைந்தது 5 அங்குல மைய உயரம் தேவை. வேகம்தான் அடுத்த சிக்கல். 1440 சுற்று மோட்டாரில் 3 அங்குலப் புல்லியும் ஸ்பிண்டிலில் (சுழலும் அச்சில்) 9 அங்குலப் புல்லியும் போட்டால் 480 சுற்று கிடைக்கும். சமநிலை இல்லாத துண்டைத் தொடங்க அதுதான் உச்சம். வட்டம் வந்தபின் 3க்கு 6 புல்லியில் 720, முடிக்கும்போது அதிகபட்சம் 1000 வரை. வட்டம் வந்த துண்டுக்கு, அங்குல விட்டத்தையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும் என்பது கணக்கு. 1 குதிரைத் திறன் மோட்டார் போதும்.

அரை அங்குலக் கிண்ண கவுஜ் (குழி உளி) ஒன்று, வளைமுனை ஸ்கிரேப்பர் (சுரண்டும் உளி) ஒன்று, பார்ட்டிங் டூல் (வெட்டிப் பிரிக்கும் உளி) ஒன்று. மூன்றும் ஹை ஸ்பீட் ஸ்டீலாக இருக்கட்டும். கவுஜின் சாய்முகம் (முனையில் தீட்டிய சரிவு) வெளிப்புறத்துக்கு 45 பாகை, உள் அடிக்கு 55 முதல் 60 பாகை. முகக் கவசம் கட்டாயம், கண்ணாடி மட்டும் போதாது. தூசி முகமூடி இல்லாமல் வைரத்தைத் தேய்க்காதீர்கள். தோளில் தொங்கும் துண்டு, கைக்கயிறு, கையுறை எதுவும் ஓடும் லேத் பக்கம் வரக் கூடாது.

முதல் கடைசல்

முதலில் ஈரக் கட்டையைத் தடியான சுவரோடு கடைந்து உலர்த்துவோம், காய்ந்தபின் இரண்டாம் முறை கடைந்து முடிப்போம். வாய்ப்பக்கம் ஃபேஸ்பிளேட்டை (துண்டை ஸ்பிண்டிலோடு இணைக்கும் வட்டத் தகட்டை) வைத்து, ஓர் அங்குலம் உள்ளே இறங்கும் தடித்த மர ஸ்குரூ 6 போடுங்கள். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் மெல்லிய கருப்பு ஸ்குரூ வேண்டாம். அது வளையாமல் ஒடிந்துவிடும். டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கியை) முட்டுக் கொடுத்து, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, டூல் ரெஸ்டில் (உளி தாங்கியில்) இடிக்கவில்லை என்று தெரிந்தபின் சுவிட்சைப் போடுங்கள். முதல் ஓட்டத்தின்போது துண்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கிக் கடையுங்கள். உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு அடியை நோக்கி. காரணம் எளிது: இந்தத் திசையில் வெட்டும்போது ஒவ்வோர் இழைக்கும் பின்னால் இன்னொரு நீண்ட இழை தாங்கி நிற்கும். தலைகீழாக வெட்டினால் தாங்க ஆளில்லாத இழை வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

உளி படும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் உளியின் கம்பி டூல் ரெஸ்டில் அமர வேண்டும், அடுத்துச் சாய்முகம் மரத்தை உரச வேண்டும், அதன்பின் பிடியை மெல்ல உயர்த்தி முனையை இறக்க வேண்டும். சரியாகப் பட்டால் ஈரப் பலாவின் சீவல் மஞ்சள் நாடா மாதிரி முழநீளத்துக்குச் சுருண்டு தோளைத் தாண்டி விழும். நாடா உடைந்து தூளானால் உளி மொட்டை. உளி திடீரென்று மரத்தைக் கவ்வி இழுத்தால், கவுஜின் குழி நேர் மேலே பார்த்திருந்தது என்று பொருள். சாய்முகம் தாங்காத பக்கத்து முனை கவ்விக்கொண்டது. குழியை வெட்டும் திசைக்குச் சாய்த்துப் பிடியுங்கள், கடிகாரத்தில் 10 மணி அல்லது 2 மணி போல. உட்புறம் விளிம்பில் நுழையும் கணத்தில் மட்டும் குழி முழுக்கப் பக்கவாட்டில், 3 மணிக்கு.

வெளி வடிவம் வந்ததும் அடியில் சக் (தாடைகளால் துண்டைக் கவ்வும் கருவி) பிடிக்க ஒரு குமிழ் விடுங்கள். விட்டம் 60 மில்லிமீட்டர், உயரம் 7 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் தாடை உள்ள சக்குக்கு இது கொஞ்சம் பெரிது. வேண்டுமென்றேதான் பெரிதாக விடுகிறோம். காய்ந்து கோணியபின் திரும்ப வட்டமாக்கச் சதை வேண்டும். குமிழின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது, தோள்பட்டைதான் தாடையின் மேல் உட்கார வேண்டும். தோள் உட்காராத கிண்ணம் ஆடி ஆடிக் கடைசியில் பறக்கும்.

சக்கில் திருப்பி மாட்டி உள்ளே குடையுங்கள். சுவரும் அடியும் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் 23 மில்லிமீட்டர், ஒரே சீராக இருக்க வேண்டும். அடியை மட்டும் தடியாக விட்டால் அது மெதுவாகக் காயும், மெல்லிய சுவர் முந்திக்கொண்டு சுருங்கும், இரண்டும் இழுத்துக்கொண்டு வெடிக்கும். ஆழம் தெரிய, டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்து நடுவில் ஒரு துளை போட்டுக்கொண்டால் அடியைத் தாண்டிப் போகும் ஆபத்து இல்லை.

பச்சை மரத்தில் இன்னொரு எதிரி இரும்பு. வேங்கை, சீமைக்கருவேலம், புளி, பலா எல்லாவற்றிலும் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரமான டூல் ரெஸ்டைத் தொட்ட விரலால் கிண்ணத்தைத் தொட்டால் சில நிமிடத்தில் விரல் ரேகை முழுவதும் கருநீலத்தில் பதிந்துவிடும். பழங்காலத்து எழுதும் மை உண்டானதும் இதே வேதியியலில்தான். டூல் ரெஸ்டுக்கு மெழுகு தேயுங்கள், கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், கடைந்த கிண்ணத்தை இரும்பு மேசை மீதோ தகரத்திலோ வைக்காதீர்கள். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவி, மங்கியதும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புதுக் கறை போய்விடும். ஒரு வாரம் ஊறியது போகாது.

உலர்த்துவது

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர், சேலம் சுமார் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் காற்றின் ஈரம் முற்றிலும் வேறு. மலையில் காய்ந்துவிட்டது என்று தோன்றும் கிண்ணம் கீழே வந்ததும் மறுபடி சுருங்கத் தொடங்கும். கடைந்து முடித்து மெருகு போட்ட பிறகு இது நடந்தால் வட்டம் கோணும், மோசமானால் விளிம்பில் விரியும். ஆகவே முதல் கட்டத்தை மலையில் உலர்த்துங்கள், கடைசி ஒரு மாதத்தைக் கிண்ணம் எந்த ஊரில் புழங்கப் போகிறதோ அந்த ஊரில் உலர்த்துங்கள். மலை ஈரம் மெதுவாகக் காய வைக்கிறது, அது வரம். சமவெளியில் கடைசலைச் செய்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

வெளிப்புறத்தில் இழை முனை தெரியும் இரண்டு பக்கத்துக்கும் விளிம்புக்கும் மெழுகு பூசி, நான்கு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள், அது ஈரத்தில் நனைந்திருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஐப்பசி மழையில் நான்கே நாளில் பூஞ்சணம் பிடித்துச் சில்வர் ஓக்கும் பலாவின் வெள்ளையும் சாம்பல் நீலமாகிவிடும், அந்தக் கறை உள்ளே வரை ஓடும். ஆடி மாதம் இதற்கு நேர்மாறு. அந்தக் காற்று திறந்த கொட்டகையில் வைத்த கிண்ணத்தை ஒரே இரவில் பிளக்கும். ஆடியில் தாள் சுற்றை இரட்டிப்பாக்கி, கதவு மூடிய அறைக்குள் வையுங்கள்.

வெடிப்பைத் தவிர்க்கக் கடைந்த கிண்ணத்தைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேக வைக்கும் பழக்கம் உண்டு. தூங்குமூஞ்சிக்கு நல்லது, பூச்சியும் சாகும். ஆனால் பலாவையும் வேங்கையையும் வேக வைக்காதீர்கள். பலா வைரத்தைக் கொதிக்க வைத்துத்தான் பௌத்தத் துறவிகளின் உடைக்கு மஞ்சள் சாயம் இறக்கினார்கள். உங்கள் கிண்ணத்தின் நிறமும் அதே போலப் பாத்திரத்துத் தண்ணீருக்குப் போய்விடும்.

காய்ந்துவிட்டதா என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலில் தேதியும் கிராமும் எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் தயார். 23 மில்லிமீட்டர்ச் சுவருக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

இரண்டாம் கடைசல்

இப்போது கிண்ணம் முட்டை வடிவத்தில் இருக்கும். தேங்காய் மூடி போலக் கடைந்த ஒரு மரக்கட்டையை ஸ்பிண்டிலில் மாட்டி, அதன் மேல் பழைய துணி போட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து, டெயில்ஸ்டாக்கால் குமிழின் நடுவை அழுத்திப் பிடியுங்கள். குமிழை 52 மில்லிமீட்டருக்கு வட்டமாக்குங்கள். சக்கில் மாட்டி வெளிப்புறத்தை முடித்தபின் உள்ளே வாருங்கள்.

சுவரை விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் இறுதித் தடிமனுக்கு, 7 அல்லது 8 மில்லிமீட்டருக்கு, முடித்துவிட்டே கீழே இறங்க வேண்டும். எல்லாவற்றையும் குடைந்துவிட்டுக் கடைசியில் விளிம்புக்குத் திரும்பி வந்தால், தாங்கச் சதையில்லாத விளிம்பு அதிர்ந்து கீச்சிடும், சுவரில் அலை அலையாக வரி விழும்.

இழை பிடுங்கல் எப்போதும் எதிரெதிர் இரண்டு இடத்தில்தான் வரும். அங்கே கொஞ்சம் லிக்விட் பாரஃபின் தடவி, உளியைப் புதிதாகத் தீட்டி, முடி கனத்தில் இரண்டு முறை வெட்டுங்கள். உப்புத்தாளால் அதைச் சரிசெய்யப் பார்த்தால் அந்த இடம் பள்ளமாகும்.

சீமைக்கருவேலத்தின் விரிசலை நிரப்ப நயமாக அரைத்த காப்பித் தூளும் ஃபெவிக்விக்கும் போதும். தூளைத் திணித்து, மேலே சொட்டு விட்டு, காய்ந்தபின் கடைந்துவிடுங்கள். சுற்றியுள்ள வெள்ளைக்கு முன்கூட்டியே அரக்கு ஒரு கை பூசாவிட்டால் பசை பரவிய இடம் எண்ணெய் சிந்தியது போல நிரந்தரமாகத் தெரியும்.

தேய்ப்பதும் மெருகும்

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று படிப்படியாக. இரண்டு நிற மரத்தில் ஓர் எச்சரிக்கை: கருத்த வைரத்தின் தூள் வெள்ளையின் துளைக்குள் புகுந்து அதை அழுக்காக்கும். தேய்க்கும் முன் முழுக் கிண்ணத்துக்கும் நீர்த்த அரக்கு பூசுங்கள், 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்கு. ஒவ்வொரு தாள் மாறும்போதும் பழைய பல் துலக்கியால் துளையைத் துலக்கி ஊதிவிடுங்கள். புளியும் சீமைக்கருவேலமும் சூடு தாங்காது. தாள் விரலைச் சுடும் அளவுக்கு அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் வரும். வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தேயுங்கள்.

குமிழை வெட்டி அடியை நடுவில் சற்றுக் குழிவாக முடியுங்கள், அப்போதுதான் ஆடாமல் நிற்கும்.

உணவு வைக்கும் கிண்ணத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் 200 கிராம், தேன்மெழுகு 50 கிராம். நேரடி நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, வெதுவெதுப்பாகப் பூசி, ஓர் இரவு விட்டுத் துடையுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் நிறம் ஆழமாகும், ஆனால் வெள்ளையும் மஞ்சளடிக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கம்பியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வெளியே வையுங்கள்.

பலாவின் மஞ்சள் வெயிலில்தான் ஓடுகிறது, எந்தப் பூச்சும் அதை நிறுத்தாது. மஞ்சளாகவே சில காலம் இருக்க வேண்டுமானால் சன்னலுக்குத் தள்ளி வையுங்கள். சன்னலோரம்தான் இடம் என்றால் வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கால் சுற்று திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் பழுப்பாகும். முறுக்கு, பழம், முந்திரி எது வேண்டுமானாலும் வைக்கலாம். புளிக்குழம்பும் தயிரும் வேண்டாம். கழுவினால் ஊற விடாமல் உடனே துடைத்து நிழலில் கவிழ்த்து வையுங்கள், மேற்புறம் வெளுத்தது போலத் தெரியும்போது மறுபடி ஒரு கை மெழுகு பூசுங்கள்.